எல்லைக்கோட்டுக்கு எதிரே ஒரு நாற்காலி

அழைப்பிதழ் மார்கழிக் கடைசியில் வந்தது. கெட்டி அட்டை, ஓரத்தில் தங்க நிறக் கோடு. காணும் பொங்கலன்று கடலோரச் சாலையில் நடக்கும் குதிரை வண்டிப் பந்தயத்தைத் தங்கள் பந்தலில் சிறப்பு விருந்தினராக அமர்ந்து பார்க்க வரவேண்டும் என்று ஒரு விதை நிறுவனம் கேட்டிருந்தது. கூடவே இரண்டு அனுமதிச் சீட்டுகள். ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மற்றதை உறைக்குள்ளேயே போட்டு மூடினேன். வீட்டில் நான் ஒருவன்தான்.

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் என் நோட்டு. மூன்று வருடமாக அவர்களுடைய புதிய நெல் ரகம் ஒன்றை என்னுடைய பன்னிரண்டு மா நிலத்தில் சோதனைக்குப் போட்டிருக்கிறேன். எத்தனை தூர் வெடித்தது, கதிர் என்றைக்கு வெளியே வந்தது, எந்த மழையில் எந்த மூலை சாய்ந்தது என்று தினமும் எழுதிக் கொடுப்பேன். "சார், உங்க நோட்ட எங்க ஹெட் ஆபீஸ்ல பைண்டு போட்டு வெச்சிருக்காங்க" என்று நிறுவனத்தின் பிரதிநிதி ஒருமுறை சொன்னார். திருச்சிக்காரர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். இருபத்தாறு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். அதற்காக யாரும் என்னை எங்கும் உட்கார வைத்து உபசரித்ததில்லை.

எங்கள் பக்கத்தில் அந்தப் பந்தயத்துக்குத் தனி மதிப்பு. புதுக்கோட்டையிலிருந்தும் தெற்கே தூத்துக்குடிப் பக்கமிருந்தும் வண்டிகள் லாரியில் வந்து இறங்கும். அதில் முதலாவதாக வந்த குதிரையைப் பற்றிப் பத்து வருடம் கழித்தும் டீக்கடையில் பேசுவார்கள். ஜனங்கள் விடிவதற்குள் வந்து சாலையின் இரு பக்கமும் இடம் பிடித்து நிற்பார்கள். நிறுவனப் பந்தலில் உட்காருவது அதற்கெல்லாம் மேலே. எல்லைக்கோட்டுக்கு நேர் எதிரே, நிழலில், துணி போர்த்திய நாற்காலி. காலையில் பொங்கலும் வடையும், மதியம் பிரியாணி. எங்கள் தெருவில் அந்தச் சீட்டுக் கிடைத்த முதல் ஆள் நான்தான் என்று பால்காரர் சொன்னார்.

நான் போனது குதிரைகளுக்காக அல்ல. என் தங்கையைப் பார்க்கத்தான். தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அவளைக் கொடுத்திருக்கிறது. அவள் கணவர் பரம்பரையாகக் குதிரை வளர்ப்பவர். பந்தயம் நடக்கும் சாலை அவர்கள் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர். அவர் வண்டி ஓடாத வருடம் இல்லை, அவள் போய்ப் பார்க்காத வருடமும் இல்லை. நாங்கள் பேசி ஆறு வருடம் ஆகிறது.

ஆறு வருடத்துக்கு முன் ஐப்பசியில் அப்பா தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் நாற்பத்து மூன்று நாள் கிடந்தார். நான்தான் கூட இருந்தேன். மாத்திரை கொடுத்த நேரம், குடித்த தண்ணீரின் அளவு, காய்ச்சல், வந்து பார்த்தவர்கள் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். டாக்டரே சில சமயம் கட்டிலில் தொங்கிய அட்டையை விட்டுவிட்டு என் நோட்டை வாங்கிப் பார்ப்பார். அதில் எனக்குப் பெருமை இருந்தது. அப்பா போய், மாதா கோயிலில் முப்பதாம் நாள் பூசை முடிந்து, வீட்டில் பந்தி நடந்துகொண்டிருந்தது. சித்தி ஒருத்தி, "பொண்ணு வந்து எட்டிக்கூடப் பாக்கலையாமே" என்று பேச்சை எடுத்தாள். தங்கை இலையை விட்டு எழுந்துவிட்டாள்.

"யாரு சொன்னா? பாதி நாள் நான் அங்கதான் கெடந்தேன். அண்ணனக் கேளுங்க."

அவள் கேட்கச் சொன்னது என்னை. நான் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தேன். எல்லார் முன்னாலும் பக்கம் பக்கமாகப் புரட்டி எண்ணினேன். "பதினோரு நாள்" என்றேன்.

எண் சரிதான். இன்றைக்கு எண்ணினாலும் பதினொன்றுதான் வரும்.

அவள் கைகூடக் கழுவவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, "குதிர குட்டி போட முடியாமக் கெடந்துச்சு, நட்ட நடவு தண்ணியில மெதந்துச்சு, ஒவ்வொரு தடவையும் ரெண்டு பஸ்ஸு மாறி வந்தேன். அதெல்லாம் எழுதுனியா?" என்றாள். எழுதவில்லை. அந்த அறைக்குள் நடந்ததை மட்டும்தான் எழுதியிருந்தேன். அவள் கணவர் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு அவள் பின்னாலேயே போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டுத் தண்ணீரை நான் குடிக்கவில்லை, இந்த வீட்டுத் தண்ணீரை அவர்கள் குடிக்கவில்லை.

பந்தயத்துக்கு முதல் நாள், அவளைப் பார்த்தால் சொல்ல வேண்டியதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். "அன்று நான் நோட்டை எடுத்திருக்கக் கூடாது." அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு ஆறு வருடம் பிடித்தது என்பதையும் சேர்க்கலாமா என்று யோசித்துச் சேர்க்கவில்லை.

காலை ஐந்தரைக்குத் தாராசுரம் கோயில் முனையில் நிறுவனத்தின் வேன் வந்து ஏற்றிக்கொண்டது. குத்தாலம் தாண்டும்போது வெளிச்சம் வந்தது. இரு பக்கமும் சம்பா பழுத்துச் சாய்ந்து, மேலே பனி. பல இடங்களில் அறுவடை இயந்திரம் வரப்பில் ஏறி நின்று காத்திருந்தது. வேனில் எல்லாரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஜன்னல் ஓரம் யாருக்கு என்பதில் இரண்டு பெண் குழந்தைகள் சண்டை போட்டு, கடைசியில் என் ஜன்னலை வாங்கிக்கொண்டார்கள்.

பந்தலில் கழுத்துக்கு ஒரு பட்டை, தலைக்கு ஒரு தொப்பி கொடுத்தார்கள். என் இடம் முதல் வரிசையில் ஓரம். சுண்ணாம்பில் போட்ட எல்லைக்கோட்டுக்கு மிகச் சரியாக நேரே. பக்கத்து நாற்காலியில் அட்டை ஒட்டியிருந்தது, என் சீட்டோடு வந்த மற்ற சீட்டுக்கு உரியது. அதற்கடுத்து உட்கார்ந்திருந்தவர் கூத்தாநல்லூரில் உரக்கடை வைத்திருப்பவர். மனைவி, மகள்கள், மருமகன் என்று ஆறு பேரோடு வந்திருந்தார்.

"இந்தச் சேர் யாருக்குண்ணே?" என்று கேட்டார்.

"யாரும் வரலை பாய்."

"அப்ப நம்ம தொப்பி உக்காரட்டும்" என்று தன் தொப்பியைக் கழற்றி அதில் வைத்தார். மதியம் வரை அது அங்கேயே இருந்தது.

பந்தலில் உட்கார்ந்து பார்ப்பவனுக்குப் பந்தயத்தில் கிடைப்பது தொடக்கமும் முடிவும்தான். இரண்டு சக்கர வண்டி, ஒற்றைக் குதிரை, ஒரு சாரதி. கொடி அசைந்ததும் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் ஒரே மூச்சில் கிளம்பும். பின்னாலேயே மோட்டார் சைக்கிள் கூட்டம் ஒன்று கத்திக்கொண்டு போகும். அப்புறம் சாலை காலி. சிறிய குதிரைகளுக்குப் போக வர ஆறு மைல், நடுக் குதிரைகளுக்கு எட்டு, பெரிய குதிரைகளுக்குப் பத்து. அந்த நேரம் முழுவதும் வெறும் தார்ச் சாலையையும், அந்தப் பக்கம் நிற்கும் ஜனங்களையும், ஒலிபெருக்கியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றவர்கள் பேசினார்கள், தட்டு மாற்றிக்கொண்டார்கள், படம் எடுத்தார்கள். நான் எதிர்ப்பக்கக் கூட்டத்தில் முகம் முகமாகத் தேடினேன். அவள் இல்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வண்டிகள் கோட்டைத் தாண்டுகிற நேரத்தை நொடி வரைக்கும் எழுத ஆரம்பித்தேன். செய்ய வேறு ஒன்றும் இல்லை.

"இத எழுதி என்ன பண்ணுவீங்க?" என்றார் உரக்கடைக்காரர்.

"ஒண்ணும் பண்றதில்லை. எழுதி வெப்பேன்."

"நான் கடைக் கணக்கையே எழுதறதில்ல, எல்லாம் வீட்டம்மா தலையில இருக்கு" என்றார். அவர் மனைவி திரும்பாமலேயே, "ஆமா, ஒங்க தலையில தொப்பிக்குக்கூட எடமில்ல" என்றார். பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

அந்த நோட்டு சிறிய குதிரைகளின் ஓட்டத்திலேயே வேலைக்கு வந்துவிட்டது. மூன்றாவது யார், நான்காவது யார் என்று கோட்டருகில் சத்தம் கிளம்பியது. விழாக்குழுத் தலைவர் கதர்ச் சட்டையும் விசிலுமாக அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார். நான் குனிந்து எழுதுவதை அவர் பார்த்திருக்கிறார். பந்தலுக்கு வந்து, "ஐயா, நீங்க ஏதோ குறிச்சீங்களே" என்றார். காட்டினேன். மூன்றாவதாக வந்த வண்டியின் எண், அடுத்ததற்கும் அதற்கும் இரண்டு நொடி வித்தியாசம். சண்டை அத்தோடு முடிந்தது. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர், "விருந்தினர் பந்தலில் ஒரு கம்ப்யூட்டரே வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, சாரதிகள் கவனத்துக்கு!" என்று சொன்னார். பிரதிநிதி வந்து கை கொடுத்தார். நடுக் குதிரைகள் ஓட்டம் முடிந்ததும் தலைவர் யாரும் கேட்காமலேயே நேராக என்னிடம் வந்து எண்களைச் சரிபார்த்துக்கொண்டு போனார். அந்த ஒரு மணி நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க வேண்டியதில்லை.

பெரிய குதிரைகள் பதினொன்று ஐம்பத்தேழுக்கு வரிசைக்கு வந்தன. ஏழாம் எண் வண்டியின் பக்கத்தில் தங்கை கணவர் நின்றிருந்தார். உடம்பு இளைத்திருந்தது. குதிரையின் நெற்றியைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் பந்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தலையை மெதுவாக ஆட்டினார். நான் எழுந்து நின்றுவிட்டேன். அதற்குள் அவரைச் சாலையை விட்டு விலகச் சொல்லி விசில் அடித்தார்கள்.

"ஏழாம் நம்பர்! வாங்கின குதிரை இல்லை, வீட்டிலேயே பிறந்து வீட்டிலேயே வளர்ந்த குதிரை. வயது ஆறு!" என்றார் அறிவிப்பாளர்.

ஆறு வயது என்றால் அப்பா மருத்துவமனையில் கிடந்த ஐப்பசியில் பிறந்திருக்க வேண்டும். எனக்குக் கணக்குப் போட நேரமே ஆகவில்லை. என் நோட்டில் தங்கை பெயர் இல்லாத நாட்களில் ஒன்றில் பிறந்த குட்டி அது. சாம்பல் நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. கொடி அசைந்ததும் முதல் ஆளாகப் பாய்ந்தது.

இருபத்தைந்து நிமிடம் சாலை வெறுமையாகக் கிடந்தது. கடல் காற்று தென்கிழக்கிலிருந்து வந்தது. அறிவிப்பாளர் இடையிடையே, பாதித் தூரத்தில் நட்ட கொடியைச் சுற்றித் திரும்பும்போது ஏழாம் எண்ணும் இரண்டாம் எண்ணும்தான் முன்னால் என்று சொன்னார். இரண்டாம் எண் புதுக்கோட்டைப் பக்கத்து வண்டி. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன். கூச்சல் தூரத்திலிருந்து உருண்டு வந்தது. முதலில் புழுதி, அப்புறம் இரண்டு தலைகள், ஒன்று சாம்பல், ஒன்று சிவப்பு. சக்கரத்தோடு சக்கரம் உரசுகிற மாதிரி வந்தன. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். என் கண் கடிகாரத்தில் ஒருமுறை, கோட்டில் ஒருமுறை. நேரம் பன்னிரண்டு இருபத்து நான்கு. நொடிக்காகக் காத்திருந்தபோது, கோட்டுக்கு அப்பால், எதிர்ப்பக்கம், வாய்க்கால் மதகின் கட்டைச் சுவரில் அவள் ஏறி நிற்பதைப் பார்த்தேன்.

முன்னந்தலை முழுவதும் நரைத்திருந்தது. என்னை விட ஏழு வயது சின்னவள். ஒரு கையால் பக்கத்தில் நின்ற பெண்ணின் தோளைப் பிடித்திருந்தாள். கண்களை இறுக மூடியிருந்தாள். உதடுகள் அசைந்தன. பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிவு ஒட்டுகிற அன்றும் இப்படித்தான் நிற்பாள். பலகையைப் பார்க்க மாட்டாள், கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொல்வாள், நான் பார்த்து வந்து சொல்லும்வரை திறக்க மாட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் கண்ணைத் திறந்தாள். திறந்ததும் பார்த்தது என்னை.

கூச்சல் அதற்குள் எங்களைத் தாண்டிப் போயிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றாவது வண்டி வந்துகொண்டிருந்தது. அதன் நேரத்தை எழுதினேன். அதற்கு மேல் இரண்டு வரிகள் காலி.

கோட்டருகில் உடனே தகராறு. இரண்டு கட்சியிடமும் வீடியோ இருந்தது. அவரவர் வீடியோவில் அவரவர் குதிரைதான் முதல். நடுவர்கள் இருவரும் ஆளுக்கொரு எண்ணைச் சொன்னார்கள். மோட்டார் சைக்கிள்கள் கிளப்பிய புழுதியில் சரியாகத் தெரியவில்லை என்று ஒருவர் ஒத்துக்கொண்டார். அப்போது தலைவர் சிரித்த முகத்தோடு பந்தலை நோக்கி வந்தார். பின்னால் இருநூறு பேர்.

"எல்லாரும் கொஞ்சம் அமைதியா இருங்க. காலையிலேருந்து ஐயா நோட்டு சொன்னதுதான் தீர்ப்பு. ஐயா, சொல்லுங்க. ஏழா, ரெண்டா?"

"நான் பாக்கலீங்க."

அவருக்குப் புரியவில்லை. "நோட்டப் பாத்துச் சொல்லுங்க."

நோட்டைத் திருப்பிக் காட்டினேன். "எழுதலை. அந்த நேரத்துல நான் கோட்டைப் பாக்கலை."

"வேற எங்க பாத்தீங்க?"

இருநூறு பேர் இருந்தார்கள். கழுத்தில் பட்டையோடு, தலையில் தொப்பியோடு நான் நின்றேன்.

கூட்டத்தில் யாரோ, "யோவ், இவரு ஏழாம் நம்பர்காரரோட மச்சான்யா! தஞ்சாவூர்ப் பக்கம்!" என்றான். அவ்வளவுதான். புதுக்கோட்டைக்காரர்கள், "மச்சான் குதிர தோத்துட்டுது, அதான் மழுப்புறாரு" என்றார்கள். இந்த ஊர்க்காரர்கள், "மூணாவது நாலாவதுக்கெல்லாம் நொடி எழுதினவருக்கு மொதல் குதிர கண்ணுக்குத் தெரியலையாம். சொந்தக்காரன் செயிக்கக் கூடாதுன்னுதானே" என்றார்கள். இரண்டு பக்கமும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனது, நான் பார்த்துவிட்டு மறைக்கிறேன் என்பதில். தங்கை கணவர் கூட்டத்தின் ஓரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் பொறுத்துக் குதிரையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் இருவருக்கும் முதல் இடம் என்று அறிவித்தார்கள். கேடயம் ஒன்றுதான் என்பதால் சீட்டுக் குலுக்கினார்கள். கேடயம் புதுக்கோட்டைக்குப் போனது.

இதற்குள் பந்தலில் பந்தி ஆரம்பித்துவிட்டது. பிரதிநிதி தட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். மணி ஒன்றே கால். நான் தினமும் ஒன்றே காலுக்குச் சாப்பிடுகிறவன். சாப்பிட்டேன். அதையும் எழுதினேன். "1.15, சாப்பாடு, பந்தலில்."

உரக்கடைக்காரர் தன் தொப்பியை எடுத்துக்கொண்டு அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "அண்ணே, உண்மையிலேயே பாக்கலையா?" என்று காதோடு கேட்டார்.

"பாக்கலை பாய்."

"எதையாச்சும் சொல்லியிருக்கலாம். ஏழுன்னு சொல்லியிருந்தா ஒங்க மச்சானாவது சந்தோசப்பட்டிருப்பாரு."

"பாக்காததை எப்படிச் சொல்றது?"

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து மகள்களிடம் போய்விட்டார்.

வேன் கிளம்ப இரண்டரை ஆகும் என்றார்கள். ஒன்று ஐம்பதுக்குப் பந்தலை விட்டு இறங்கினேன். தொப்பியையும் பட்டையையும் கழற்றிப் பையில் வைத்தேன். மதகுக்குக் கீழே வாய்க்கால் கரையில் குதிரைகளை ஆற வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தென்னை மரத்தடியில் அந்தச் சாம்பல் குதிரை. தங்கை கணவர் வாளியில் மொண்டு அதன் கால்களில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் கயிற்றைப் பிடித்திருந்தாள். நான் வருவதை இருவரும் பார்த்தார்கள். ஊற்றுவது நிற்கவில்லை.

எழுதி வைத்திருந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நோட்டுல எழுதியிருப்பீங்களே."

என்னை அவள் 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"எழுதல."

"பதினோரு நாள எழுதின ஆளு."

"அந்த நேரம் நான் கோட்டப் பாக்கலம்மா. ஒன்னத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அவள் சிரித்தாள். "பொய் சொல்லக்கூடக் கத்துக்கிட்டீங்க."

"நீ கண்ண மூடிக்கிட்டிருந்த" என்றேன். "பக்கத்துல பச்சச் சேல கட்டின பொம்பள தோளப் பிடிச்சிருந்த. ஜெபம் சொல்லிட்டிருந்த. நீயும் கோட்டப் பாக்கல."

அவள் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினாள், பிறகு அவிழ்த்தாள். குதிரை தலையை ஆட்டித் தண்ணீரைச் சிதறியது. என் சட்டையில் பட்டது. அவள் கணவர் வாளியைக் கீழே வைத்தார். நிமிர்ந்து, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, எதுவும் நடக்காதது மாதிரிக் கேட்டார்.

"சாப்டீங்களா மச்சான்?"

"ஆச்சு, ஒண்ணே காலுக்கே சாப்டுட்டேன். பந்தல்லயே போட்டாங்க."

தங்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அதானே" என்றாள். குதிரையைத் திருப்பினாள். அவர் கொஞ்சம் தயங்கி, "சரி மச்சான், வெயிலு. நீங்க வண்டியப் பாருங்க" என்றார். வாளியை எடுத்துக்கொண்டு அவரும் போனார்.

மயிலாடுதுறை வரும்வரை எனக்கு விளங்கவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தது. வேனில் பெண் குழந்தைகள் தூங்கிவிட்டார்கள். பிரதிநிதி எல்லாருக்கும் ஒரு இனிப்புப் பெட்டி கொடுத்துக்கொண்டே வந்து, "நம்ம ஏற்பாடெல்லாம் எப்படி சார், ஏதாச்சும் கொற இருந்தா சொல்லுங்க" என்றார். சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் தங்கை கணவர் கரையில் என்னிடம் என்ன கேட்டார் என்பது உறைத்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஐந்து கிலோமீட்டர் கூட்டிப் போயிருப்பார்கள். இலை போட்டிருப்பார்கள். அவள் கையால் பரிமாறியிருப்பாள், ஆறு வருடமும் அங்கே தீர்ந்திருக்கும். அவர் கேட்டது என் வயிற்றைப் பற்றி அல்ல. நான் மணியைச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து, இரண்டாவது சீட்டு இருந்த உறையை மேசையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தேன். அன்றைய பக்கத்தைச் சுத்தமாகப் பெயர்த்து எழுதினேன். பெரிய குதிரைகள் ஓட்டத்தில் முதல் இரண்டு வரிகளைக் காலியாகவே விட்டேன். "1.15, சாப்பாடு" என்ற இடம் வந்தபோது பேனா நின்றது. நடந்ததைத்தானே எழுதுகிறோம் என்று அதையும் எழுதினேன்.

பந்தயத்துக்கு அடுத்த ஞாயிறு அறுவடை இயந்திரம் வருவதாக இருந்தது. வேண்டாம், ஒரு நாள் தள்ளி வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். காலையில் காப்பிகூடப் போடவில்லை. ஆறு நாற்பது பேருந்தில் ஏறினேன். மயிலாடுதுறை நிலையத்தில் வண்டி மாறும்போது எதிர்க்கடையில் வடை பொரித்துக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் அந்த வாசனைக்கு முன்னால் நின்றேன். இரண்டு பஸ் மாறிப் போவது எவ்வளவு தூரம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இறங்கி, வாய்க்கால் கரையோடு முக்கால் மணி நடந்தேன்.

தங்கை கொட்டகை வாசலில் குந்தி, ஊறவைத்த கொள்ளை வாளியில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். சாம்பல் குதிரைதான் முதலில் என்னைப் பார்த்துக் காதை நிமிர்த்தியது. பிறகு அவள் திரும்பினாள். அவள் கணவர் இல்லை, வயலுக்குப் போயிருக்க வேண்டும். நோட்டை நான் எடுத்து வரவில்லை. அந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது, வரவில்லை.

கையில் ஒட்டிய கொள்ளைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"சாப்டியா?"

"இல்ல."

"மணி என்ன ஆவுது?"

"பத்தே கால்."

"பத்தே காலு வரைக்கும் சாப்புடாம ஒருத்தன் பஸ்ஸுல வருவானா?" என்றாள். வாளியைக் குதிரை முன்னால் வைத்தாள். என்னை உள்ளே வா என்று சொல்லவில்லை. நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனாள்.

நான் வெயிலில் நின்றேன். குதிரை கொள்ளைத் தின்னும் சத்தம் கேட்டது. அதற்கு அப்பால், உள்ளே, ஒரு பாத்திரத்தை இறக்கி வைக்கும் சத்தம். அது எனக்காகவா, அவள் வேலையைத் தொடர்கிறாளா என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றி நிலைப்படிக்கு வெளியே ஓரமாக வைத்துவிட்டு, அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.